ஒரு ஊசிகூட உடையாத மூன்று மாதம்

போன ஆவணியில், நான் முன்பு வேலை பார்த்த பனியன் கம்பெனியில் இருந்து போன் வந்தது. பேசியது அங்கே ஆட்கள் விவகாரத்தைக் கவனிக்கிற எச்.ஆர். பெண். புதிதாகச் சேர்ந்தவர். "சார், புது சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் ட்ரெய்னிங் வெச்சிருக்கோமுங்க. லீடர்ஷிப் பத்தி உங்க அனுபவத்தைக் கொஞ்சம் சொன்னீங்கன்னா நல்லா இருக்குமுங்க" என்றார். நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. காலையில் நடை, அப்புறம் பேப்பர், மதியம் தூக்கம் என்று பொழுதை ஓட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தால் கசக்குமா? சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போனதும் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் நான்கு வகைத் தலைவர்கள். உத்தரவு போட்டு வேலை வாங்குகிறவர், கூடி உட்கார்ந்து கருத்துக் கேட்கிறவர், பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறவர், பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவர். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம். உத்தரவு போடுகிறவருக்கு மீசை வைத்திருந்தார்கள். எந்தத் தலைவர் எந்த நேரத்துக்குப் பொருந்துவார் என்பதுதான் அன்றைய தலைப்பு. நான் முக்கால் மணி நேரம் பேசினேன். கம்பெனியில் தீப்பிடித்தபோது நான் என்ன செய்தேன் என்பதை விலாவாரியாகச் சொன்னேன். கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள்.

மூன்றாவது வரிசையில் சரோஜா உட்கார்ந்திருந்தார். என் பிரிவில் இருபது வருடம் ஓவர்லாக் மெஷினில் தைத்தவர், இப்போது சூப்பர்வைசர். எல்லாரும் தட்டும்போது அவர் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த மேடையில் சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததுமே காது சூடாகிறது.

எங்கள் குடும்பம் தறிக்காரக் குடும்பம். வருடா வருடம் பழனிக்குக் காவடி எடுப்போம். அப்பா தறியை விட்டு இறங்கிப் பனியன் கம்பெனிக்கு வந்தார், அவர் பின்னாலேயே நானும் வந்தேன். முதலில் கைமடி, அதாவது டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை மடித்து அடுக்கிக் கொடுக்கிற வேலை. அப்புறம் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள், செக்கிங், லைன் சூப்பர்வைசர். இதையெல்லாம் விரித்துச் சொன்னால் பத்துப் பக்கம் வரும், படிக்கிறவர்களுக்குக் கொட்டாவியும் வரும். நேராக டேவிட் சாருக்கு வந்துவிடுகிறேன்.

டேவிட் சார்தான் எங்கள் தையல் பிரிவுக்கு மேனேஜர். சேவூர்க்காரர். நெட்டையான மனிதர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு லைன் லைனாக நடப்பார். யாரிடமாவது விஷயம் கேட்க வேண்டுமென்றால் நின்றபடி கேட்க மாட்டார். பக்கத்தில் கிடக்கிற ஸ்டூலை இழுத்துப் போட்டு, டெய்லரின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, "என்னுங்கம்மா ஆச்சு?" என்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். இந்த இரண்டாவது காரியம்தான் கஷ்டம். நான் எத்தனையோ தடவை முயன்று பார்த்திருக்கிறேன். பதில் வருவதற்குள் நானே பதிலையும் சொல்லி, திட்டியும் முடித்திருப்பேன்.

எங்கள் தொழிலில் ஊசி உடைவது பெரிய விஷயம். வெளியில் இருக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். தைக்கும்போது மெஷின் ஊசி டக்கென்று உடையும், முனை எங்கேயாவது தெறிக்கும். தையலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் துணி குழந்தைச் சட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஊசி உடைந்தால் டெய்லர் மெஷினை நிறுத்தி, துணியில் கைவைக்காமல், கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் காந்தத்தோடு வருவார். மெஷின் மேல், அடியில், மடியில், தரையில் தேடி எல்லாத் துண்டையும் எடுப்பார்கள். துண்டுகளை ஒரு ரிஜிஸ்டரில் முழு ஊசி மாதிரி வரிசையாக வைத்து, மேலே டேப் ஒட்டி, லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். துண்டும் துண்டும் சரியாகச் சேர்ந்தால் மேனேஜர் கையெழுத்துப் போடுவார், புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் சுற்றி இருக்கிற துணி முழுவதையும் பூட்டி வைத்து, ஊசி கண்டுபிடிக்கிற மெஷினில் ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் அத்தனையையும் வெட்டிப் போட வேண்டியதுதான்.

இத்தனைக்கும் அரை மணி நேரம் ஓடிவிடும். அந்த அரை மணி நேரம் லைன் நிற்கும். டேவிட் சார் அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. உடைந்த ஊசியோடு யார் வந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது "கொண்டாந்துட்டீங்களே, நல்லதுங்க" என்பதுதான். ரிஜிஸ்டர் அப்புறம்தான். அவருடைய காலத்தில் அந்த ரிஜிஸ்டர் வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம் நிரம்பும். இவ்வளவு ஊசியை உடைக்க விட்டுவிட்டு நல்லது என்கிறாரே, இந்த மனிதருக்குக் கண்டிக்கவே தெரியாதா என்று நான் உள்ளுக்குள் பொருமுவேன்.

அவருடைய முறை எல்லா இடத்திலும் பலித்தது என்றும் சொல்ல மாட்டேன். பீகாரில் இருந்து ஒரு தடவை இருபது பேர் புதிதாக வந்தார்கள். டேவிட் சார் அவர்களைச் சுற்றி உட்கார வைத்து, இந்தி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, எப்படித் தைத்தால் உங்களுக்கு வசதி என்று கேட்டார். எப்படித் தைப்பது என்றே தெரியாதவர்களிடம் வசதியைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஒரு வாரம் கழுத்துப் பட்டி எல்லாம் கோணிக்கொண்டே வந்தது. பிறகு நான் பக்கத்தில் நின்று, துணியில் கைவைத்து, இங்கே, இப்படி என்பதற்கு "இதர், ஐசா" என்று எனக்குத் தெரிந்த இரண்டே இந்தி வார்த்தையில் சொல்லிக் கொடுத்தேன். நாலே நாளில் நேராகிவிட்டது. இதை டேவிட் சாரே எல்லாரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

தீப்பிடித்ததும் அந்த வருடம்தான். தையல் ஹாலை ஒட்டி வேஸ்ட் துணி போடுகிற அறை இருந்தது. காலை பதினோரு மணி இருக்கும், அங்கிருந்து புகை வந்தது. டேவிட் சார் லைன் நடுவில் நடந்துகொண்டே "மெதுவா வெளிய போங்க, தள்ளாதீங்க, ஒண்ணுமில்லீங்க" என்றார். ஒன்றுமில்லை என்று மேனேஜரே சொன்னால் யார் நகர்வார்கள்? சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள், சிலர் டிபன் பையை எடுக்கப் போனார்கள். நான் கட்டிங் டேபிள் மேல் ஏறினேன். "மெஷினை நிறுத்து! பையை விடு! கேட்டுக்கு ஓடு!" என்று கத்தினேன். எங்கள் ஊரில் நாய்க்குட்டியைக் கூட 'வாங்க போங்க' என்போம் என்று தெற்கத்திக்காரர்கள் கேலி செய்வார்கள். அன்றைக்கு என் வாயில் ஒரு 'ங்க' கூட வரவில்லை. பைக்காகத் திரும்பிய ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். கேட்டுக்கு வெளியே நின்று தலை எண்ணி முடிப்பதற்குள் ஹாலின் மேல்கூரைத் தகடு ஒன்று சரிந்து விழுந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

சாயங்காலம் டேவிட் சார் என் தோளில் கைவைத்தார். "முருகேசு, இன்னிக்கி உங்க சத்தந்தானுங்க எல்லாரையும் காப்பாத்துச்சு. எனக்கு அது வராதுங்க" என்றார். கையை எடுக்காமலே, "ஆனா நாளைக்கு நெருப்பு இல்லீங்க. பாத்துக்குங்க" என்றும் சொன்னார். நான் முதலில் சொன்னதை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மனைவியிடம் அதைத்தான் நாலு தடவை சொன்னேன்.

அடுத்த வருடம் டேவிட் சார் ஓய்வு பெற்றார், அந்த நாற்காலி எனக்கு வந்தது. வந்த முதல் வாரமே நான் மைக்கை எடுத்தேன். தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால், "நேத்து ஊசி ஒடச்சவங்க எந்திரிச்சு நில்லுங்க" என்று சொல்லி, பேரைப் படித்து, அரை மணி நேரம் லைன் நின்றதற்கு யார் காரணம் என்று அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். வயதில் மூத்த பெண்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். எனக்கு அப்போது அது தப்பாகவே தெரியவில்லை. நான் என்னவோ ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

முதல் மாதம் ஊசி உடைவது பாதியாகக் குறைந்தது. இரண்டாவது மாதத்திலிருந்து ரிஜிஸ்டரில் ஒரு வரிகூட ஏறவில்லை. மூன்று மாதம் ஒரு ஊசிகூட உடையவில்லை! முதலாளி ரிஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மற்ற யூனிட் மேனேஜர்களை வரவழைத்து எதிரில் வைத்துக்கொண்டு, "முருகேசங்கிட்டக் கத்துக்குங்கப்பா" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தச் சமயத்தில் டேவிட் சாரை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். "ஊசியெல்லாம் எப்படிங்க?" என்றார். "மூணு மாசமா ஒண்ணுகூட ஒடையறதில்லீங்க சார்" என்றேன், பாராட்டுவார் என்று. அவர் இலையில் இருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஊசின்னா ஒடையுமுங்களே முருகேசு. ஒடையலீன்னா எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றார். பொறாமை என்று நினைத்தேன். அவரைப் போய் அப்படி நினைத்தேன்.

இனி மல்லிகா. உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊர், பேட்லாக் மெஷினில் எங்கள் பிரிவிலேயே நம்பர் ஒன் டெய்லர். அடுத்து சூப்பர்வைசர் ஆக வேண்டியவர் என்று டேவிட் சார் போகும்போதே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மல்லிகாவுக்கும் அதுதான் ஆசை, எல்லாரிடமும் சொல்லுவார். ஆனால் நான் மேனேஜரான சமயம் பார்த்து, அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனவர் மாதக் கணக்கில் விடுப்பில் இருந்துவிட்டுத் திரும்பினார். மைக் விஷயம் அவருக்குத் தெரியாது. வந்து இரண்டாவது நாள் மத்தியானம் அவருடைய ஊசி உடைந்தது. பழைய பழக்கத்தில் மெஷினை நிறுத்திக் கையைத் தூக்கினார்.

சுற்றி இருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எதிர் மெஷினில் சரோஜா கையைக் கீழே போடும்படி கண்ணைக் காட்டினார். நான் அதைப் பார்த்தேன், ஆனால் எதற்கு என்று யோசிக்கவில்லை. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது வெளிநாட்டுக்குப் போகிற கைக்குழந்தை உடுப்பு. இன்னும் சில நாளில், சரக்கை வாங்குகிற பையரின் ஆள் வந்து சோதிக்கப் போகிறார். நான் மைக்கோடுதான் போனேன்.

"சார், ஊசி ஒடஞ்சு போச்சு சார். ரெண்டு துண்டு கெடச்சிருச்சு. முனைய மட்டும் காணோம்" என்றார் மல்லிகா, சாதாரணமாக.

"மூணு மாசமா இந்த ஹால்ல ஒருத்தருக்கும் ஒடையாத ஊசி உனக்கு மட்டும் எப்படி ஒடையுது?" என்று மைக்கில் கேட்டேன்.

"தெரியல சார். மடிப்புல ஏறுறப்ப டக்குன்னு போயிருச்சு."

"முனை வந்தாகோணும். வந்தா மெஷின்ல உக்காரு. வல்லீன்னா கேட்டைப் பாத்து நட."

அவர் முகம் மாறியது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லாரும் மறுபடி தைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் காந்தத்தை வாங்கிக்கொண்டு மெஷினுக்கு அடியில் முழங்காலிட்டார். ஒரு மணி நேரம் தேடினார். முறைப்படி பார்த்தால் அவர் தேடிக் கிடைக்காத பதினைந்தாவது நிமிடமே நான் துணியைப் பூட்டி மெஷினில் ஓட்டியிருக்க வேண்டும். ஓட்டியிருந்தால் நேரம் போயிருக்கும், முதலாளி கேட்டிருப்பார். நான் தூணோரம் நின்று அவர் தவழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என் மேசைக்கு வந்து உள்ளங்கையை விரித்தார். ஒரு முனை இருந்தது.

ரிஜிஸ்டரில் மற்ற இரண்டு துண்டுகளோடு அதைச் சேர்த்து வைத்து லென்ஸை எடுத்தேன். மல்லிகாவின் மெஷினில் ஓடுவது ஒன்பதாம் நம்பர் ஊசி, மெல்லியது. இந்த முனை பதினோராம் நம்பர், தடித்தது. உடைந்த இடமும் சேரவில்லை. இருபத்தைந்து வருடம் ஊசியோடு இருக்கிறவனுக்கு இதைக் கண்டுபிடிக்க லென்ஸே தேவையில்லை. நான் பார்த்தேன். நிமிர்ந்தபோது மல்லிகா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால், இது அந்த முனை இல்லையே என்று நான் கேட்க வேண்டும் என்றுதான் அவர் நின்றிருக்கிறார். நான் டேப்பை ஒட்டினேன், கையெழுத்துப் போட்டேன், "சரி, போ" என்றேன். அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். நிம்மதியாக இருந்தது.

ஐந்து நாள் கழித்து பேக்கிங்கில், பையரின் ஆள் பக்கத்தில் நிற்க, உடுப்புகளை ஊசி கண்டுபிடிக்கிற மெஷினில் ஓட்டினார்கள். மெஷின் கத்தி நின்றது. எடுத்து வைத்துவிட்டு ஓட்டினார்கள், மறுபடி கத்தியது. மொத்தம் ஐந்து தடவை. தையலைப் பிரித்தால் ஐந்து உடுப்பில் ஐந்து ஊசி முனை. பையரின் ஆள் சென்னைக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஊசி ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு வரி இருந்தது. அவர் டேப்பைப் பிரித்து, ஐந்து முனைகளில் ஒன்றை எடுத்து மல்லிகாவின் துண்டோடு வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"அப்ப நீங்க ஒட்டி வச்சிருந்தது எது சார்? இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "நாங்க எங்க டெய்லருங்களை நம்பறமுங்க சார். நம்பித்தானுங்க கையெழுத்துப் போட்டேன்."

யாரையும் நம்பாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு அலைந்தவன், மாட்டிக்கொண்டதும் டேவிட் சாரின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மற்ற நாலு முனை யாருடையது என்று பையரின் ஆள் கேட்டார். "ரிஜிஸ்டர்ல ஒரே பேருதானுங்க இருக்குது" என்றேன். அது உண்மை. உண்மையை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பொய் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முறைப்படி கையைத் தூக்கியவர் ஒருவர்தான், அதனால் பேர் இருந்ததும் அவருடையதுதான்.

மல்லிகாவை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். "முனைய நான்தான் சார் மாத்திக் குடுத்தேன்" என்று ஒப்புக்கொண்டார். யார் கொடுத்தது என்று முதலாளி கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. கடைசியில் என்னைக் காட்டி, "ஆனா சார் லென்ஸ் வச்சுப் பாத்தாருல்ல" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "அவசரத்துல சரியாக் கவனிக்கலீங்க" என்றேன். அன்று மத்தியானமே மல்லிகாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஊசித் துண்டில் மோசடி செய்ததால் நீக்கம் என்று அவருடைய பைலில் எழுதினார்கள். சரக்கு முழுவதையும் திரும்ப ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினோம். எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு நான் காரணம் இல்லை, அந்த மெஷின் காரணம்.

அடுத்த வாரத்தில் இருந்து நான் மைக்கைத் தொடவில்லை. ஏன் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை. கொஞ்ச நாளில் ஊசிகள் மறுபடி உடைய ஆரம்பித்தன, ரிஜிஸ்டர் நிரம்ப ஆரம்பித்தது. ஆக, காரணம் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் மல்லிகாவைத் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஏன் என்று முதலாளி கேட்பாரே. அப்படியே வருடங்கள் ஓடி, நான் நல்ல பேரோடு ஓய்வு பெற்றேன்.

இப்போது அந்த ட்ரெய்னிங் நாளுக்கு வருகிறேன். சால்வையோடு வெளியே வந்தவனிடம் சரோஜா டீயைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தீப்புடிச்ச கதைய நல்லாச் சொன்னீங்க சார்" என்றார்.

நான் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மல்லிகாளுக்கு அந்த முனையக் குடுத்தது நாந்தானுங்க. அவ கீழ கெடந்து தேடறதப் பாக்க முடியலீங்க. எங்க எல்லார்த்துகிட்டயும் சொந்த ஊசி இருந்துச்சுங்க சார். காதர்பேட்டைக் கடைல பாக்கெட்டா வாங்கி, ஜாக்கெட்டுக்குள்ள, டிபன் பை மடிப்புலன்னு வெச்சிருந்தோம். ஒடஞ்சா நாங்களே மாத்திக்குவோம். நீங்க மைக்கைப் புடிச்சுட்டு நின்னா யாருங்க கையத் தூக்குவா?"

"இப்ப எங்க இருக்கறாங்க?" என்று கேட்டேன்.

"ராயபுரத்துல ஒரு பவர் டேபிள்ல தைக்கறா. சூப்பர்வைசர் வேலைக்கு மூணு பெரிய கம்பெனிக்குப் போய்ப் பாத்துட்டாளுங்க. எல்லாப் பக்கமும் இங்க போன் பண்ணிக் கேக்கறாங்க. பைல்ல அதுதானுங்க எழுதியிருக்குது."

நானும் எங்கள் ஊர் ராயபுரத்தில்தான் இருக்கிறேன். பவர் டேபிள் என்றால் பத்துப் பன்னிரண்டு மெஷினை வரிசையாகப் போட்டுக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட். சரோஜா சொன்ன சந்து வழியாகத்தான் நான் தினமும் காலை நடை போகிறேன். கொலுசு மாதிரி மெஷின் சத்தம் கேட்கும், கேட்டுக்கொண்டே போவேன்.

மறுநாளே போகவில்லை. பத்து நாள் ஆனது. வீட்டில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். மல்லிகா திறமையான தொழிலாளி, நேர்மையானவர், எந்தப் பொறுப்பையும் நம்பிக் கொடுக்கலாம் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன். மல்லிகாவுக்கு முன்னந்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார், உக்காருங்க" என்று தன் ஸ்டூலையே கொடுத்தார். நான் நின்றபடியே கடிதத்தை நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நல்லவன்னு எழுதியிருக்கீங்க சார். அது எனக்கே தெரியும். என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க."

அங்கேயே கட்டிங் மேசையில் ஒரு தாளை வாங்கி உட்கார்ந்தேன். மைக்கில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் எழுதினேன். முனை மாறியிருந்ததைச் சரியாகக் கவனிக்காமல் கையெழுத்திட்டுவிட்டேன் என்று முடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஏமாற்ற வேண்டும் என்று அப்படி எழுதவில்லை. கை தானாக அப்படித்தான் எழுதியது.

மல்லிகா அந்த வரியில் விரலை வைத்தார். "கவனிச்சீங்க சார்" என்றார். கோபமே இல்லை. விலைப்பட்டியலில் ஒரு பிழையைக் காட்டுகிற குரல்தான்.

மெஷின்காரப் பெண்கள் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வரியை அடித்தேன். 'அது வேறு முனை என்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பிறகு பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன்' என்று எழுதினேன். மூன்று சின்ன வாக்கியம். முக்கால் மணி நேரம் மேடையில் பேசியவனுக்கு அதை எழுதி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

கம்பெனிக்குப் போய் எச்.ஆர். பெண்ணிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "சார், இதை பைல்ல வெச்சா உங்க பேரு..." என்று இழுத்தார். "வெய்யுங்க கண்ணு. பழைய வரிய அடிச்சுப்போட்டு வெய்யுங்க" என்றேன். அதற்கப்புறம் அங்கே இரண்டு ட்ரெய்னிங் நடந்ததாகக் கேள்வி. என்னைக் கூப்பிடவில்லை.

எந்தத் தலைவர் எப்போது பொருந்துவார் என்று அந்தத் தாளில் கேட்டிருந்தார்கள் அல்லவா? தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நெருப்புப் பிடித்தால் கத்த வேண்டும். உடைந்ததைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். இதெல்லாம் டேவிட் சாரிடம் பார்த்தும், நானாகப் பட்டும் எனக்குத் தெரிந்தே இருந்தது. எனக்கு வகை தெரியாமல் போகவில்லை. என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள எந்த வகை வசதியோ அதை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

போன மாதம் மல்லிகா போன் செய்தார். ஒரு பெரிய கம்பெனியில் லைன் சூப்பர்வைசராகச் சேர்ந்துவிட்டாராம். "அந்த லெட்டராலதான் சார் கெடச்சுது. ரொம்ப நன்றி சார்" என்றார்.

எத்தனையோ வருடம் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த வாய். யார் நன்றி சொன்னாலும், யார் மன்னிப்புக் கேட்டாலும் ஒரே பதில்தான் பழக்கம். "பரவால்லம்மா, பரவால்ல" என்றேன்.

அவர் போனை வைத்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அவரிடம் நான் இன்னும் மன்னிப்பே கேட்கவில்லை.